மணிக்கட்டில் ஒரு வாய்க்கால்

"வியாதி இடுப்பில், கத்தி வைப்பது கையிலா?" என்று ஒரு சகோதரி நம்மைக் கேட்டு எழுதியிருக்கிறார். நீரிழிவின் காரணமாக அவருடைய தகப்பனாருக்கு இரண்டு சிறுநீரகங்களும் நாளுக்கு நாள் ஓய்ந்து வருகின்றனவாம். இன்னும் ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ டயாலிசிஸ் யந்திரத்தின் தயவை நாட வேண்டியிருக்கும் என்று சொன்ன வைத்தியர், இப்பொழுதே இடது கையில் ஒரு சிறு ரண சிகிச்சை செய்துகொண்டு விடுங்கள் என்கிறாராம். தகப்பனாரோ, "வராத விருந்தாளிக்கு இன்றைக்கே இலை போடுவானேன்? யந்திரம் வருகிறபோது பார்த்துக் கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டார். வீட்டுப் பெரியவர்கள் அத்தனை பேரும் அவர் கட்சி. சகோதரி மட்டும் எதிர்க்கட்சியில் தனியாக நின்றுகொண்டு நம்மை மத்தியஸ்தத்துக்கு அழைக்கிறார்.

மத்தியஸ்தர் என்றால் இரண்டு பக்கத்தையும் தடவிக் கொடுத்துப் பேச வேண்டும் என்பது உலக வழக்கம். இந்த விஷயத்தில் நமக்கு அது சாத்தியமில்லை. வைத்தியர் சொன்னதுதான் சரி. ஏன் சரி என்பதைச் சொல்வதற்குச் சற்றுச் சுற்றி வர வேண்டியிருக்கிறது. நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

குண்டிக்காய் என்று நம் பாட்டிமார் சொல்லி வந்த சிறுநீரகம் இரவு பகல் ஓயாமல் செய்கிற வேலையை, யந்திரம் வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் என்று கணக்குப் பண்ணிச் செய்கிறது. அத்தனை குறுகிய அவகாசத்தில் அவ்வளவு வேலையைச் செய்ய வேண்டுமானால், அதற்கு ரத்தம் வெள்ளமாக வந்து கொண்டிருக்க வேண்டும். நிமிஷத்துக்கு 300 மில்லி லிட்டர் வீதம் வைத்துப் பாருங்கள்: நாலு மணி நேரத்தில் 72 லிட்டர். மனித உடம்பில் உள்ள ரத்தமோ சுமார் 5 லிட்டர்தான். அதாவது, நோயாளியின் ரத்தம் முழுவதும் ஒரே உட்காரலில் பதினான்கு தடவை வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்புகிறது!

இவ்வளவு ரத்தத்தை எந்தக் குழாயிலிருந்து எடுப்பது? உடம்பில் இரண்டு வகைக் குழாய்கள் இருக்கின்றன. இருதயத்திலிருந்து விசையோடு புறப்பட்டு வருவது நாடி. வேலை முடிந்து சாவதானமாய் இருதயத்துக்குத் திரும்புவது சிரை. பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிறார்களே, அது சிரையில். சிரை தோலுக்கு அருகிலேயே ஓடுகிறது, குத்துவது சுலபம். ஆனால் அதில் யந்திரத்துக்குப் போதுமான ஓட்டம் கிடையாது. பலமாய் உறிஞ்சினால் ஈரக் காகிதக் குழல் மாதிரி சப்பென்று ஒட்டிக்கொள்ளும். நாடியிலோ விசைக்குக் குறைவில்லை. ஆனால் அது ஆழத்தில் ஒளிந்திருக்கிறது. குத்தினால் வலி பிராணன் போகும். ஊசியை எடுத்தால் ரத்தம் லேசில் நிற்காது. யந்திரத்துக்கோ ஒரு தடவைக்கு இரண்டு ஊசி வேண்டும்: ரத்தத்தை வெளியே எடுக்க ஒன்று, உள்ளே திருப்பி விட ஒன்று. வருஷத்துக்கு 312 குத்து. அத்தனை குத்தையும் எந்த நாடி தாங்கும்?

ஆக, தோலுக்கு அருகில் இருக்க வேண்டும், வெள்ளமாய் ஓட வேண்டும், பல வருஷம் குத்துப்பட்டும் கெடக்கூடாது. இந்த மூன்று லட்சணமும் ஒன்றாய்ப் பொருந்திய குழாய் மனித தேகத்தில் எங்குமே இல்லை. பிரம்மதேவர் சிருஷ்டித் தொழில் செய்தபோது டயாலிசிஸ் யந்திரத்தை எதிர்பார்க்கவில்லை போலும்!

யந்திரத்தைக் கண்டுபிடித்தவருக்கே இந்தச் சங்கடம் முதல் நாளிலிருந்து இருந்து வந்தது. ஹாலந்து தேசத்தில் காம்பென் என்னும் சிறு பட்டணத்தில், ஜெர்மானியர்களுடைய ஆக்கிரமிப்புக்கு நடுவே, வில்லெம் கோல்ஃப் என்ற இளம் வைத்தியர் 1943-ல் தம் யந்திரத்தை உருவாக்கினார். சமையற்கடையில் மாமிசம் அடைக்கும் செல்லோபேன் உறையை ஒரு மர உருளையில் சுற்றி, அதற்குள் ரத்தத்தை ஓடவிட்டு, உப்பு நீர்த் தொட்டியில் சுழலவிட்டார். அவர் சிகிச்சை செய்த முதல் நோயாளிகளில் ஓர் இளம் பெண் இருந்தாள். யந்திரம் வேலை செய்தது. ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் தெளிவு வந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் புதிதாய் ஓர் இடத்தைக் கீறி, ஒரு குழாயைத் திறந்து, கண்ணாடிக் குழலைச் செருக வேண்டியிருந்தது. ஒரு தரம் உபயோகித்த இடம் மறு தரம் உதவாது. பன்னிரண்டாவது தடவையோடு செருகுவதற்கு இடமே இல்லாமற் போயிற்று. யந்திரம் பக்கத்திலேயே சௌக்கியமாக நின்று கொண்டிருக்க, அந்தப் பெண் இறந்து போனாள்.

இந்த விஷயத்தை நேயர்கள் கொஞ்சம் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அவளைக் கைவிட்டது யந்திரமன்று. யந்திரத்துக்குப் போகும் வழி அடைபட்டதனால் அவள் மாண்டாள். 1945-ல் அதே கோல்ஃப் 67 வயதுள்ள ஒரு மூதாட்டியைப் பிழைக்க வைத்தார். ஆனால் அவளுடைய சிறுநீரகங்கள் தற்காலிகமாய் மூர்ச்சை போட்டிருந்தவை. சில நாளில் தாமே கண் விழித்துக் கொண்டன. நிரந்தரமாய் ஓய்ந்தவர்களுக்கு யந்திரம் பிரயோஜனப்படாது என்றே மேலும் பதினைந்து வருஷம் உலகம் நினைத்துக் கொண்டிருந்தது.

அந்த எண்ணத்தை மாற்றியவர் அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்து டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர். தம் நோயாளி ஒருவருக்கு யந்திரத்தால் சிறிது குணம் காட்டிவிட்டு, "இனிமேல் எங்களால் ஆகாது, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்று மனைவியிடம் சொல்ல நேர்ந்தது அவர் மனத்தை அரித்துக் கொண்டிருந்தது. ஒரு நாள் நடுநிசியில் விழித்துக் கொண்டவருக்கு ஒரு யுக்தி தோன்றியது. நாடியில் ஒரு குழாய், சிரையில் ஒரு குழாய் வைத்து, யந்திரம் ஓடாத வேளையில் இரண்டையும் கைக்கு வெளியிலேயே ஒரு வளைந்த குழாயால் இணைத்துவிட்டால் என்ன? ரத்தம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்; உறையாது. வேண்டியபோது வளைவைக் கழற்றி யந்திரத்தில் மாட்டிக் கொள்ளலாம். ஒட்டாத தன்மையுள்ள டெஃப்லான் குழாய் அப்பொழுதுதான் வைத்தியத்துக்கு வந்திருந்தது. இன்று நம் வீட்டுத் தோசைக் கல்லுக்குப் பூசுகிறார்களே, அதே சரக்குத்தான். வெய்ன் குவின்டன் என்ற தொழில் நிபுணர் அதை வளைத்துக் கொடுத்தார். 1960-ம் வருஷம் மார்ச்சு 9-ந் தேதி, விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்த கிளைட் ஷீல்ட்ஸ் என்பவருடைய கையில் அது பொருத்தப்பட்டது. சாவதற்குச் சில நாட்களே இருந்த அந்த மனிதர் 1971 வரையில் உயிரோடிருந்தார்.

வழி திறந்ததும் கூட்டம் நெருக்கியடித்தது. யந்திரங்களோ விரல் விட்டு எண்ணக் கூடியவை. யாருக்குக் கொடுப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது? ஸியாட்டிலில் ஏழு பேர் கொண்ட ஒரு கமிட்டி ஏற்பட்டது. பாதிரியார், வக்கீல், பாங்கிக்காரர், இல்லத்தரசி என்று சாமான்ய ஜனங்களே பெரும்பாலும் அதில் இருந்தார்கள். விண்ணப்பம் செய்தவருக்கு எத்தனை குழந்தைகள், என்ன உத்தியோகம், கோயிலுக்கு ஒழுங்காய்ப் போகிறவரா என்றெல்லாம் யோசித்து அவர்கள் உயிரைப் பங்கிட்டார்கள். 1962-ல் 'லைஃப்' பத்திரிகை இதை வெளியிட்டதும் அமெரிக்கா முழுவதும் பெரிய கொந்தளிப்பு உண்டாயிற்று. சித்திரகுப்தன் வேலையை ஏழு மனிதர்கள் தலையில் கட்டினால் கொந்தளிப்பு வராமல் என்ன செய்யும்? 1972-ல் அந்தத் தேசத்துச் சட்டசபை, சிறுநீரகம் ஓய்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு டயாலிசிஸ் செலவைச் சர்க்காரே ஏற்கும்படி சட்டம் செய்த பிறகே அது அடங்கியது.

ஸ்கிரிப்னருடைய குழாயிலும் தோஷங்கள் இருந்தன. வெளியில் தொங்குவதால் விஷக் கிருமி புகும்; ரத்தம் உறைந்து அடைக்கும்; தூக்கத்தில் தற்செயலாய்ப் பிடுங்கிக் கொண்டால் ஆபத்து. இதற்கு மாற்றுக் கண்டவர்கள் நியூயார்க் நகரத்தில் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரியில் இருந்த பிரேஷியா, சிமினோ, ஆப்பெல் ஆகியவர்கள். ஜேம்ஸ் சிமினோ மாணவராயிருந்த காலத்தில், நோயாளிகளின் கையில் ரத்தம் எடுக்கும் உத்தியோகம் பார்த்தவர். கொரியா யுத்தத்தில் காயம் பட்டவர்கள் சிலருக்கு நாடியும் சிரையும் தாமாகவே ஒட்டிக்கொண்டு, சிரை விரலளவு பருத்திருப்பதை அவர் அறிந்திருந்தார்.

விபத்தில் இப்படி நேர்வது வைத்திய உலகத்துக்குப் பழைய சங்கதி. ஐரோப்பாவில் எந்த வியாதிக்கும் கையைக் கீறி ரத்தத்தை வடித்து விடுகிற வழக்கம் இருந்த நாளில், அவசரக் கத்தி சிரையைத் தாண்டி அடியிலிருந்த நாடியையும் துளைத்து, இரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்து விடுவதுண்டு. வில்லியம் ஹன்டர் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் 1757-லேயே இதை விவரித்திருக்கிறார். அந்த இடத்தில் விரலுக்குத் தட்டுப்படும் அதிர்வையும், காதுக்குக் கேட்கும் இரைச்சலையும் கூடக் குறித்திருக்கிறார். இரு நூறு வருஷம் கோளாறு என்று எல்லோரும் ஒதுக்கி வைத்திருந்ததைச் சிமினோ கூட்டத்தார் சிகிச்சையாக்கினார்கள். 1965 பிப்ரவரி 19-ந் தேதி, ரண வைத்தியர் ஆப்பெல் ஒரு நோயாளியின் மணிக்கட்டில் நாடியையும் சிரையையும் வேண்டுமென்றே இணைத்துத் தைத்தார். 1966-ல் விவரம் பிரசுரமாயிற்று. கேட்டவர்களில் பலர் அக்கறை காட்டவில்லை. அதன் அருமையை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர், இதனால் தம் சொந்தக் குழாய்க்கு வாழ்வு போய்விடக்கூடிய ஸ்கிரிப்னரே என்பது அவருடைய பெருந்தன்மைக்கு அடையாளம்.

இதற்குத்தான் பிஸ்டுலா என்று பெயர். பவுத்திரத்துக்கும் ஆங்கில வைத்தியர்கள் இதே வார்த்தையை உபயோகிப்பதால், "அப்பாவுக்குக் கையில் பிஸ்டுலா" என்று கேட்ட உறவினர்கள் திகைத்துப் போவதுண்டு. அந்தப் பயம் வேண்டாம். ஏரியின் மதகிலிருந்து ஒரு சிறு வாய்க்காலுக்குத் தண்ணீரைத் திருப்பி விட்டால் என்ன ஆகும்? வாய்க்கால் அகலும், கரை உறுதிப்படும். அதே மாதிரி, நாடியின் விசை பாய்ந்ததும் மெல்லிய சிரை கொஞ்சங் கொஞ்சமாய் விரிந்து, சுவர் தடித்து, ஊசிக்கு இடங்கொடுக்கும் பெருங்குழாயாகிறது. நிமிஷத்துக்கு 600 மில்லி லிட்டர் ஓட்டம், 6 மில்லி மீட்டர் அகலம், தோலிலிருந்து 6 மில்லி மீட்டருக்கு மேற்படாத ஆழம் என்று வைத்தியர்கள் ஓர் 'ஆறு'க் கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்தப் பதத்துக்கு வர ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை செல்லும். சில சிரைகள் பதத்துக்கு வருவதேயில்லை. மறுபடி முழங்கை அருகில் முயல வேண்டியிருக்கும்.

நமது சகோதரியின் தகப்பனாருக்கு உள்ள விடை இங்கேதான் இருக்கிறது. விருந்தாளி வந்த பிறகு இலை போடலாம். வாழைக் கன்றை நட முடியுமா?

நட மறந்தவர்களின் கதி என்ன? ஒரு நாள் மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். அங்கே உடனடியாகச் செய்யக்கூடியது கழுத்திலோ தொடையிலோ உள்ள பெரிய சிரையில் ஒரு குழாயைச் செருகுவதுதான். அதை நாம் நிந்திக்கவில்லை; அந்த வேளையில் அதுவே உயிர் காக்கிறது. ஆனால் அது சத்திரம், வீடன்று. தற்காலிகக் குழாயை இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருப்பது நல்லதல்ல. தோலுக்கு அடியில் சுரங்கம் போல் கொண்டுபோய், ஒரு பட்டையால் பிடிக்க வைக்கும் நீண்ட காலக் குழாயும் உண்டு. அது மாதக் கணக்கில் உழைக்கும். எந்தக் குழாயானாலும், ரத்த ஓட்டத்துக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. கிருமி நுழைந்தால் நேரே இருதயத்துக்குப் போய்ச் சேரும். குழாய் வைத்தவருக்கு, முக்கியமாய் யந்திரத்தில் இருக்கும்போது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டால், கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குழாய் நனையும்படி தலை முழுகுவதும் உதவாது. ஆற்றிலும் குளத்திலும் முங்கிக் குளிப்பதை மறந்துவிட வேண்டும்.

குழாய் இன்னொரு கெடுதலும் செய்யும். காறை எலும்புக்கு அடியிலுள்ள சிரையில் வைத்த குழாய் அங்கே சுவரைப் புண்ணாக்கிச் சுருக்கி விடுகிறது என்று அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். பிற்பாடு அந்தக் கையில் பிஸ்டுலா செய்தால் கை வீங்கிப் போகும். ஆகையால் கழுத்தின் வலப்புறத்துச் சிரையையே இப்பொழுது முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். இன்றைய அவசரம் நாளைய வழியை அடைத்துவிடலாம் என்பதை அந்தக் காம்பென் பெண்ணின் கதையோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

சிரை மெல்லியதாய் இருப்பவர்களுக்கு மூன்றாவது உபாயம் ஒன்று உண்டு. நாடிக்கும் சிரைக்கும் நடுவில் செயற்கைக் குழாய் ஒன்றைத் தோலுக்கு அடியில் வைத்து இணைக்கிறார்கள். இதுவும் அந்த டெஃப்லான் வம்சத்துச் சரக்குத்தான். 1970-களிலிருந்து வழக்கத்தில் இருக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் ஊசி போடலாம் என்பது இதன் லாபம். அடைப்பும் கிருமியும் பிஸ்டுலாவை விட அதிகம் என்பது நஷ்டம்.

பிஸ்டுலாவே எல்லோருக்கும் உத்தமம் என்று அமெரிக்காவில் 2003-ல் ஓர் இயக்கமே நடத்தினார்கள். எண்பது வயதுக் கிழவருக்கும், இருதயம் தளர்ந்தவருக்கும் அதே சட்டத்தைப் பிரயோகித்ததில், பதத்துக்கு வராத பிஸ்டுலாவுக்காகத் திரும்பத் திரும்பக் கத்திக்கு உட்பட்டவர்களும் உண்டு. 2020-ல் அங்கே வெளியான புதிய விதிமுறைகள், நோயாளியின் வயது, ஆயுள், மாற்றுச் சிறுநீரகத்துக்கு உள்ள வாய்ப்பு இவைகளை யெல்லாம் பார்த்து அவரவருக்கு ஏற்ற வழியைத் தீர்மானிக்கச் சொல்கின்றன. இது நியாயமே. ஆனால் நம் தேசத்தில் இந்த நியாயத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு, ஐம்பது வயதுக்காரரும் ஆபரேஷனைத் தள்ளிப் போடக் கூடாது.

தள்ளிப் போடுவதன் அந்தரங்கம் நமக்குத் தெரியாததல்ல. கையில் தையல் விழுந்துவிட்டால் யந்திரம் நிச்சயமாகிவிடும். விழாத வரையில் எப்படியாவது தப்பித்துக் கொள்ளலாம் என்று மனம் ஜோசியம் பார்க்கிறது. பிஸ்டுலா யந்திரத்தை வரவழைப்பதில்லை. சிறுநீரகம் ஓய்கிற வேகம் அதனால் கூடுவதுமில்லை. இந்த ஆபரேஷன், பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்துச் செய்வது. அநேகம் பேர் அன்றே வீடு திரும்புகிறார்கள்.

இனி வீட்டார் செய்ய வேண்டியது. ஆபரேஷனுக்கு முன்னாலேயே, இரத்தப் பரிசோதனைக்கும் மருந்து ஏற்றுவதற்கும், அதிகம் உபயோகிக்காத அந்தக் கையைக் கொடுக்கக் கூடாது. வலக்கைக்காரருக்கு அது இடது கை. மறு கையும் புறங்கையில் குத்தினால் போதும். முன்கைச் சிரைகள் சேமிப்புப் பணம் போன்றவை. "இந்தக் கையில் வேண்டாம்" என்று நர்ஸம்மாவிடம் சொல்ல நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் இந்த இடத்தில் மரியாதையன்று, நஷ்டம்.

பிஸ்டுலா வைத்த பிறகு அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது. குடம் தூக்கக் கூடாது. அதன்மேல் தலை வைத்துப் படுக்கக் கூடாது. கடிகாரமோ இறுக்கமான வளையலோ அணியக் கூடாது. காயம் ஆறியதும், வைத்தியர் உத்தரவு பெற்று, ரப்பர்ப் பந்தை அழுத்தி அழுத்தி விடலாம். தினந்தோறும் காலையில் எழுந்ததும் அந்த இடத்தில் மூன்று விரலை வைத்துப் பாருங்கள். தம்பூராவை மீட்டிவிட்டுக் குடத்தின் மேல் கை வைத்தால் ஓர் அதிர்வு தெரியுமே, அது தெரிய வேண்டும். காதை வைத்துக் கேட்டால் சங்குக்குள் கேட்பது போன்ற இரைச்சல் கேட்க வேண்டும். நேற்று இருந்த அதிர்வு இன்று இல்லையென்றால், அன்றைய தினமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சீக்கிரம் போனால் அடைப்பை நீக்கக் கூடும். விரல்கள் சில்லிட்டு வலித்தாலும், கை சிவந்து வீங்கினாலும் சொல்லத் தாமதிக்கக் கூடாது.

2016-ல் இந்திய சர்க்கார் தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்து, ஜில்லா ஆஸ்பத்திரிகளில் ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை அளிக்க ஏற்பாடு செய்தது. நல்ல காரியம். ஆனால் நமது அபிப்பிராயத்தில், யந்திரங்களின் எண்ணிக்கையோடு சேர்த்து, யந்திரத்துக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் கழுத்தில் குழாயோடு வருகிறார்கள், எத்தனை பேர் பழுத்த பிஸ்டுலாவோடு வருகிறார்கள் என்ற கணக்கையும் ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் வாசலில் எழுதிப் போட வேண்டும். தைக்கத் தெரிந்த ரண வைத்தியர் பக்கத்து ஊரில் இல்லாவிட்டால், புது யந்திரத்தினால் பாதிப் பயன்தான்.

ரத்தக் குழாயையே தொடாமல், வயிற்றுக்குள் திரவத்தை நிரப்பி வடித்து வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் ஒன்று இருக்கிறதே, அது எப்படி என்றும் சகோதரி கேட்டிருக்கிறார். அதற்கு வேண்டிய சுத்தமும், ஆகிற செலவும், யாருக்கு அது பொருந்தும் என்பதும் தனியே சொல்ல வேண்டிய சமாசாரம். அடுத்த வாரம் எழுதுகிறோம். அதற்குள் தகப்பனாரை ரண வைத்தியரிடம் அழைத்துப் போய், கையிலுள்ள குழாய்களை அல்ட்ராசவுண்டு பரிசோதனையாவது செய்துகொண்டு வரச் சொல்லுங்கள். அதில் கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை.